பேஸ் பாதி

தெருவில் அவருக்குத் தும்தும் என்று பேர். வீட்டு முன்னறையிலேயே பட்டறை வைத்து, பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர்களை வடிவமைத்து விற்கிறார். அவர் சோதனை போடும் நாளில் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து தாளம் போடும். மற்ற சத்தமெல்லாம் விருந்தாளிகள், தும்தும் என்று அதிருகிற பேஸ்தான் வீட்டுக்காரன், அது அடியில் நின்று தாங்கினால்தான் பாட்டு நிற்கும் என்பது அவர் கட்சி.

அன்று காலை சாப்பாட்டு மேஜை முழுக்க ஸ்பீக்கர் படங்கள். அடுத்து என்ன செய்வது? அலமாரித் தட்டில் அடங்குகிற குட்டியா, சுவரில் மாட்டுகிற தட்டையா, இல்லை கூடத்தில் நிற்கிற நெட்டையனுக்கு ஒரு தம்பியா? மனசு நெட்டையன் பக்கம்தான் சாய்ந்தது. ஆனாலும் மனைவியைக் கேட்காமல் அவர் ஒரு திருகாணியைக்கூட முறுக்கியதில்லை. வாங்க வருகிறவர்கள் மரியாதைக்குப் பொய் சொல்வார்கள். அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அவள் நெட்டையனைச் சுற்றித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதையாவது பண்ணுங்க. ஆனா அந்த பேஸ் ரொம்ப ஓவர். பாதியாக் குறைச்சா உங்களுக்குக் கோடி புண்ணியம்."

அவர் கையிலிருந்த பென்சில் மேஜைக்கடியில் உருண்டது.

"பாதியாவா?"

"பாதி போதும். இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டேன்ல?"

பொறுத்துக்கொண்டாளாம்! சோபாவில் உட்கார்ந்து அவள் தலையாட்டியதெல்லாம் என்ன? பல் டாக்டர் "வலிக்குதா?" என்று கேட்கும்போது வாய்க்குள் கருவியோடு ஆட்டுகிற ஆட்டமா? ஊரே அவர் ஸ்பீக்கரைக் குப்பை என்று சொல்லியிருந்தாலும் ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார். இவள் சொன்னால் எப்படி?

கொல்லைப்பக்கம் போய் மச்சினனுக்கு போன் போட்டார். மனைவியின் தம்பி தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான். ஸ்பீக்கர் பெட்டிகளெல்லாம் அவன் கைவேலை.

"மாப்ளே, உங்க அக்கா உத்தரவு. அடுத்ததுல பேஸ் பாதியா இருக்கணுமாம்."

"சரி மாமா. படம் அனுப்புறீங்களா?"

"படமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. பேஸ் பாதி. மத்தது உன் இஷ்டம். நான் இந்த ஆட்டத்துக்கே வரலை."

அந்த வாரம் முழுக்க வீட்டில் புல்லாங்குழல்தான் ஒலித்தது, அதுவும் கொசு சைஸுக்கு. மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

"பாதி சரியா இருக்கு" என்றார்.

ஒருநாள் காலையில் மச்சினன் புதுப் பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். தும்தும் வாயைப் பிளந்தார். அதே உயரம், அதே தோள்.

"என்னடா இது? அதே நெட்டையன்!"

"அதேதான் மாமா. பேஸ் மட்டும் பாதி."

அவன் விரல் காட்டிய இடம், பெட்டி நிற்கிற அடிப்பலகை. பழையதில் அது நாலு பக்கமும் தாம்பாளம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இதில் உள்ளடங்கி இருந்தது.

அடுக்களையிலிருந்து வந்த மனைவி கை தட்டாத குறை.

"அப்பாடா! இனிமே சிரமமில்லாம சுத்தித் துடைக்கலாம். என் சுண்டுவிரலும் பொழைச்சுது. எத்தனை தடவை இடிச்சிருக்கேன்!"

"நீ சொன்ன பேஸ் இதுவா?"

"பின்ன வேற எது?"

"மாமா காதுல பொழைக்கிறவரு, நான் மரத்துல பொழைக்கிறவன்" என்றான் மச்சினன். "எனக்குத் தெரிஞ்ச பேஸ் இந்த அடிப்பலகை ஒண்ணுதான்."

தும்தும் மனைவி பக்கம் திரும்பினார். "அப்போ... அந்தத் தும்தும் சத்தம்? அதையும் பொறுத்துக்கிட்டுதானே இருந்தே?"

அவள் சிரிப்பை அடக்கினாள். "நீங்க அதைப் போடும்போது நான் அதிர்ற பாத்திர அலமாரி மேல கையை வெச்சுக்கிட்டு நிப்பேன். உள்ளங்கைக்குள்ள சுண்டெலி ஓடற மாதிரி இருக்கும். அதுக்காகவே எத்தனை நாள் குழம்பைத் தீய விட்டிருக்கேன். போன வாரம் எலியே வரலை. அதான் உங்களுக்கு ஜுரமோன்னு பாத்தேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பழையவனின் சத்தம் எழுப்பும் கூம்புகளைக் கழற்றிப் புதியவனுக்குப் பூட்டி, பாட்டைப் போட்டார்.

முரசு இறங்கியது. ஜன்னல் கண்ணாடி எழுந்து ஆடியது. கூடவே புது நெட்டையனும் ஆடினான். ஒல்லிக் காலில் அப்படியே முன்னால் சாய்ந்தவனைத் தும்தும் பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"விட்டுடாதீங்க!" என்று கத்தினாள் மனைவி. "இதை வாங்கறவங்க உங்களையும் சேத்துதான் வாங்கணும் போலிருக்கு."

"பெட்டிக்குள்ள அடியில மணல் கொட்டிட்டா அந்தக் கனத்துல நிக்கும் மாமா" என்று மச்சினன் மணல் அள்ள வெளியே ஓடப் பார்த்தான். "அப்போ அடுத்த ஸ்பீக்கர் இதுதானே? கொட்டட்டுமா?"

"இதேதான்" என்றார், கன்னம் பெட்டியில் அழுந்த. விலா எலும்புக்குள் அவருக்கும் எலி ஓடிக்கொண்டிருந்தது. "ஆனா மணலுக்கு என்னடா அவசரம்? பாட்டு முடியட்டும்."