அது மாதவனோடதுங்க

மகுடேஸ்வரனுக்கு முப்பத்து மூன்று வயது. கொங்கு நாட்டில் இந்த வயதில் கல்யாணம் ஆகாதவனுக்குப் பேரெல்லாம் கிடையாது. அவன் ஊர் நெருப்பெரிச்சல்; தரகர்கள் வாயில் அவன் வெறும் ஜாதகம்தான். "அந்த நெருப்பெரிச்சல் ஜாதகம் இன்னும் அப்படியேதானுங்க இருக்குது" என்று போனில் பேசிக்கொள்வார்கள். பையன் குடிக்க மாட்டான், அப்பா ஆறுச்சாமியோடு சேர்ந்து பனியன் கம்பெனி நடத்துகிறான், கொஞ்சம் தோட்டமும் இருக்கிறது. இருந்தும் ஒன்றும் அமையவில்லை. பெண்கள் கம்மி, கேட்பவர்கள் அதிகம். இவன் வரிசையில் எங்கேயோ பின்னால் நின்றான்.

அப்படிப்பட்டவன், வேண்டாத வேலையாக, ஒரு பழைய கேம் வாங்கினான்.

இரண்டு கையிலும் பிடித்து விளையாடுகிற சின்னப் பெட்டி. இவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் கடைகளில் விற்றது, இப்போது யாரும் தயாரிப்பதில்லை. நெட்டில் விளம்பரம் பார்த்து, அருள்புரத்தில் ஒரு பேக்கரி வாசலில் நின்று, திருட்டுப் பொருள் வாங்குகிறவன் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே வாங்கினான். விற்றவர் சும்மா இருக்காமல் "குழந்தைக்குங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டான். பெண்ணே கிடைக்காதவனுக்குக் குழந்தை! பைக்கில் திரும்பி வரும் வழியெல்லாம் காது சுட்டது.

கையில் போன் இருக்கும்போது இது எதற்கு என்று யாரும் கேட்கலாம். போனில் சரக்கு வாங்குகிற பையர் கூப்பிடுவார், சாயம் போடுகிற டையிங்காரர் கூப்பிடுவார், லோடு ஏற்றவில்லை என்று லாரிக்காரர் கூப்பிடுவார். இந்தப் பெட்டிக்குள் ஒருவரும் கூப்பிட முடியாது. நெட் வேண்டாம், விளம்பரம் வராது. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஒரு நரிக்குட்டி குகைக்குள் இறங்கி மணிகளைப் பொறுக்கும், அவ்வளவுதான். திரைக்குள் வெளிச்சம் கிடையாது, ஜன்னல் பக்கம் திருப்பினால்தான் நரி கண்ணுக்குத் தெரியும். கம்பெனியில் பறக்கிற பஞ்சு பட்டன் இடுக்குகளில் அடைத்துக்கொள்ளும்; பழைய டூத் பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுப்பதுகூட அவனுக்குப் பிடித்திருந்தது. டெய்லர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பியதும் துணி ரோல் அடுக்கிய ராக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான். பட்டன் கட்டைவிரலுக்கு அடியில் மெத்தென்று அமுங்கும். நரிக்கு ஒரு மணி சிக்கினால் இவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். உடனே, இந்த வயசில் இது என்ன கூத்து என்று வெட்கமாகவும் இருக்கும். சிரிப்பும் வெட்கமுமாக அவன் அதை விடாமல் ஆடினான். ஆடி முடித்ததும் ராக்கில் ரோல்களுக்கு அடியில் ஒளித்து வைத்துவிடுவான்.

விஷயம் தெரிந்தவர் கட்டிங் மாஸ்டர் மாதவன் ஒருவர்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டவர். மதியம் கட்டிங் டேபிள் ஓரத்திலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுவார். ஒருமுறை ஆறுச்சாமி திடீரென்று உள்ளே வந்தபோது மாதவன்தான் பலமாக இருமி அவனைக் காப்பாற்றினார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இந்த நேரத்தில் சேவூரிலிருந்து தரணியின் ஜாதகம் வந்து பொருந்தியது. பெண் அவினாசியில் வங்கி வேலையில் இருந்தாள். முன்பு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போய் பஜ்ஜியில் குறை கண்டுபிடிப்பார்கள். காலம் மாறிவிட்டது. இப்போது பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வருகிறார்கள், அப்படியே கம்பெனியையும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. மெஷின்கள் உண்மையிலேயே ஓடுகின்றனவா என்று தெரிய வேண்டுமே. ஒரு புதன்கிழமை காலையில் தரணியும் அவள் அப்பா அம்மாவும் பெரியப்பா அப்புசாமியும் வந்து இறங்கினார்கள்.

அப்புசாமி ஒரு காலத்தில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் நடத்தியவர். துணி ராக்கைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. ரோலின் ஓரத்தை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார், இழுத்துப் பார்த்தார், அடியில் என்ன துணி என்று உள்ளே கையை விட்டார். கை வெளியே வந்தபோது அதில் கேம் இருந்தது.

"ஏனுங் மாப்ள, இது என்னுங்? துணி எடை பாக்கற மிசினுங்களா?"

ஆறுச்சாமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளையாட்டுச் சாமானமாட்ட இருக்குது. இது ஆரோடது?"

என்னுதுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். மகுடேஸ்வரனுக்கு அந்த ஒரு நொடியில் சேவூர் முழுக்கக் கண்முன் வந்தது. மாப்பிள்ளை பொம்மை வைத்து விளையாடுகிறானாம் என்று வீட்டுக்கு வீடு சொல்லிச் சிரிப்பார்கள். அமையாமல் அமையாமல் வந்த இடம். கண் தானாகக் கட்டிங் டேபிள் பக்கம் போனது.

"அது மாதவனோடதுங்க" என்றது வாய்.

ஆறுச்சாமிக்கு வீடு தேடி வந்த ஒறம்பரை முன்னால் தான் ஒரு கண்டிப்பான முதலாளி என்று காட்ட வேண்டியிருந்தது. "ஏப்பா மாதவா, வேலை நேரத்துல வெளையாட்டா? பேரன் எடுக்கற வயசுல உனக்கு இது தேவையா? நாலு பேர் வந்திருக்கறப்ப என்ற மானத்த வாங்கறியே!"

தைத்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாதவன் கத்தரியைக் கீழே வைத்தார். மகுடேஸ்வரனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆறுச்சாமியிடம், "தப்புதான் முதலாளி, இனிமே கொண்டு வரலை" என்றார். கேமை வாங்கித் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மொதலாளின்னா இப்பிடித்தானுங் இருக்கோணும்" என்று அப்புசாமி மெச்சினார்.

மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று ஆபீஸ் ரூமைக் கொடுத்தார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் தரணி. லோன் கேட்க வந்தவனைப் பார்ப்பது போல அவள் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னங்க புடிக்கும்?"

"கம்பெனிதானுங்க."

"அது இல்லாம?"

"அது இல்லாம... தோட்டமுங்க."

தரணிக்குக் கொட்டாவி வராத குறை. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். "அந்த கேம் எங்கிட்டயும் ஒண்ணு இருக்குதுங்க" என்றாள். "ஹாஸ்டல்ல ஒருத்திகிட்ட வாங்குனது. உள்ள இருக்கறது நரி கேம்தானுங்க, மேல ஒட்டியிருக்கற படத்தப் பாத்தேன். எனக்குத் தண்ணிக் குகையத் தாண்டவே முடியல."

"நேரா குதிச்சீங்கன்னா தாண்டாதுங்க! தண்ணி வடியற வரைக்கும் அந்தக் கல்லு மேலயே நிக்கோணும். பொறவு எகிறி மேல தொங்கற மணிய அடிச்சா கதவு தானா தெறந்துக்கும்!"

பேசும்போதே அவன் கட்டைவிரல்கள் இரண்டும் காற்றில் பட்டன் அமுக்கின. தரணி வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. இத்தனை காலம் ஜாதகமாகவே கிடந்தவனுக்குத் தான் ஒரு ஆள் என்று அப்போதுதான் தோன்றியது. இவள்தான், இவளேதான் என்று மனசு அடித்துக்கொண்டது.

சிரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள்.

"அப்பறம் எதுக்குங்க அந்த அண்ணன திட்டு வாங்க உட்டீங்க?"

"எல்லாரும் இருந்தாங்க... அதானுங்க..."

"அவரத் திட்டறப்பவும் எல்லாரும்தானுங்க இருந்தாங்க."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பான். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

சாயங்காலம் தரகர் கூப்பிட்டார். பெரியவங்களுக்கு எல்லாம் திருப்திதானாம், பெண்தான் வேண்டாம் என்கிறதாம், காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறதாம். மகுடேஸ்வரனுக்கு அவள் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. நல்லவேளை, அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று அடுத்த நொடியே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதி வந்ததற்காகத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பெண் சொல்லாத காரணத்தை ஆறுச்சாமி தானே கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் காலை கம்பெனிக்குள் வந்தவர் நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போனார். "லேபர் கட்டுக்குள்ள இல்லாத கம்பெனின்னு நெனச்சுட்டாங்க. உன்ற வெளையாட்டுனால என்ற பையன் வாழ்க்கை போச்சு, மாதவா. நாளையிலிருந்து வராத."

மாதவன் முகம் வெளுத்தது. பைக்குள் கைவிட்டு கேமை எடுத்து டேபிள் மேல் வைத்தார். இந்த முறை மகுடேஸ்வரனைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பார்.

"அப்பா, அது என்னுதுங்க."

மெஷின் சத்தத்தில் கேட்காது என்று கத்தித்தான் சொன்னான். டெய்லர்கள் பெடலிலிருந்து காலை எடுத்தார்கள். "மாதவண்ணனுது இல்லீங்க. நான் காசு குடுத்து வாங்குனது. நாந்தான் ராக்குக்குப் பின்னால உக்காந்து வெளையாடறேன். நேத்து பொய் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டான். இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

ஆறுச்சாமியின் கண் கலங்கியிருந்தது. கிட்டே வந்து மகன் தோளில் கை வைத்தார்.

"பாத்தீங்களா எல்லாரும்? ஒருத்தன் பொழப்பு போகக்கூடாதுன்னு பழியத் தூக்கித் தன்ற தலைல போட்டுக்கறான். இந்த மனசு எவனுக்கு வரும்? பொண்ணு குடுக்காதவங்களுக்குத்தான் நட்டம்."

"இல்லீங்கப்பா, நெசமாலுமே..."

"சும்மாயிரு சாமி. இத்தன வயசுல நீ பொம்ம வெளையாடுவியா? உன்னப் பெத்தவனுக்குத் தெரியாதா?" அவர் மாதவன் பக்கம் திரும்பினார். "சின்ன மொதலாளிக்காக உடறேன். போய் வேலையப் பாரு. மொதல்ல அவனுக்கு ஒரு கும்புடு போடு."

மகுடேஸ்வரன் கேமைக் கையில் எடுத்தான். சுவிட்சைத் தள்ளி, தண்ணிக் குகையை எல்லோர் முன்னாலும் தாண்டிக் காட்டினால் போதும். அதற்குமேல் அப்பா ஒன்றும் பேச முடியாது. கட்டைவிரல் சுவிட்சுக்குப் போய்விட்டது. "தங்கமான பையன்" என்று செக்கிங் டேபிளிலிருந்து யாரோ ஒரு அம்மா சொன்னது காதில் விழுந்தது. விரல் அங்கேயே நின்றது.

மாதவன் அவன் முன்னால் வந்து இரண்டு கைகளையும் கூப்பினார். "ரொம்ப நன்றி முதலாளி."

அவர் முகத்தில் ஒரு கேலியாவது இருக்கிறதா என்று மகுடேஸ்வரன் தேடினான். இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். வேலை தப்பிய நிம்மதியில் அந்த மனிதர் உண்மையாகவே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.