இன்றைய அம்மா

அண்ணன், சொந்தபந்தம் எல்லாரும் பார்க்கவென்று இணையத்தில் ஓர் ஆல்பம் திறந்து, அதற்கு ‘இன்றைய அம்மா’ என்று பெயரும் வைத்திருந்தான். தினம் ஒரு படம். அம்மா சூப் குடிக்கிறாள், அம்மா பேப்பர் படிக்கிறாள், அம்மா சிரிக்கிறாள். சித்தப்பா, அத்தை, அவர்கள் பெற்றதெல்லாம் வரிசையாக வந்து, “பிள்ளைன்னா இப்படி இருக்கணும்” என்று உருகிவிட்டுப் போவார்கள். அண்ணி சும்மா இருப்பாளா? “பெத்த பொண்ணு எட்டிக்கூடப் பாக்கல” என்று ஒரு வரி போட்டுவிடுவாள். அந்தப் பெண்தான் சின்னவள், வேறு ஊரில் இருப்பவள்.

எட்டிப் பார்க்க விட்டால்தானே? வருகிறேன் என்றால் வீட்டில் பெயின்ட் வேலை. போன் செய்தால் அம்மாவுக்குக் காது சரியில்லை. “அதான் தினமும் போட்டோ போடறேன்ல” என்று அண்ணன் வைத்துவிடுவான்.

சின்னவளுக்கு வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. இடிபட்ட வண்டி என்று ஜனங்கள் அனுப்பும் படம் எப்போது, எங்கே எடுத்தது என்று படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் விவரத்தைத் திறந்து பார்ப்பாள். போன வருஷம் இடித்ததை நேற்று இடித்ததாகச் சொல்லும் பேர்வழிகளைக் கையும் களவுமாகப் பிடிப்பாள். ஆனாலும் சொந்த அம்மாவின் படத்தை அப்படிச் சோதிக்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஒரு மதியம் அண்ணி, “சில பேருக்கு அம்மா போட்டோவுல இருந்தாலே போதும்” என்று எழுதியிருந்தாள். படத்தை இறக்கி விவரத்தைத் திறந்தாள்.

அது இன்றைய படமே இல்லை. போன மாதம் எடுத்தது. நேற்றைய படமும் அதே நாள், முந்தாநாள் படமும் அதே நாள். காலைக் காபியும் சாயங்காலச் சூப்பும் ஒரே காலையில், சில நிமிஷ இடைவெளியில். நீல ஸ்வெட்டரைக் கழற்றிப் பச்சையை மாட்டி, பச்சையைக் கழற்றிச் சால்வையைப் போர்த்தி, அம்மாவைப் படமாக எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். இடமும் அண்ணன் வீடு இல்லை. வரைபடத்தில் புள்ளி ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் நின்றது. படத்தைச் சுருக்காமல் அசல் அளவிலேயே ஏற்றினால் இந்த விவரமும் கூடவே வரும்; அப்படி ஏற்றச் சொல்லி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் அண்ணன்தான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த இல்லத்துக்குப் போனாள். அம்மா அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீதான் இங்க சேக்கச் சொன்னியாம். உங்கண்ணன் சொன்னான்.”

“நானா? நேத்து வரைக்கும் எனக்குத் தெரியவே தெரியாதும்மா!”

அம்மா கட்டிலை விட்டு இறங்கினாள். “சரி, பையை எடு.”

“உங்க பையன்கிட்ட சொல்லாம எப்படிம்மா?” என்று மேனேஜர் இழுத்தார். “எமர்ஜென்சி தவிர போன் பண்ணாதீங்கன்னு சொல்லியிருக்கார்.”

“எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. கையெழுத்து எங்க போடணும்?”

“அப்ப அவருக்கு மெயில் போட்டுடறேன்.”

“தாராளமா போடுங்க” என்றாள் சின்னவள்.

அன்றே அண்ணன் போனில் குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். சத்தமே இல்லை. மறுநாள் காலை, அம்மா சின்னவள் வீட்டுச் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஆல்பத்தில் படம் வந்தது: “அம்மா இன்னிக்கு ரெண்டு கப் சூப் குடிச்சாங்க.” சின்னவளுக்குக் கோபத்தோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. வரட்டும் ஞாயிற்றுக்கிழமை. சொந்தக்காரர்கள் எல்லாரும் வீடியோவில் கூடும்போது போட்டு உடைக்க வேண்டும். அதுவரை, “எவ்வளவு அருமையா பாத்துக்கற அண்ணா!” என்று தேன் தடவி எழுதிக்கொண்டிருந்தாள். பழிவாங்குவது தப்பு என்று சொல்பவர்களுக்கு இப்படி ஓர் அண்ணி வாய்த்திருக்க மாட்டாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. சின்னவளின் போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் கூப்பிடாத ஒவ்வொரு நாளும் சின்னவளுக்கு வெற்றி. அம்மாவுக்கு அப்படி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆல்பத்தை அம்மாவிடம் காட்டினாள். “இன்னிக்கு எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கப் போறேன்மா.”

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினாள். “மெயிலைப் பாத்திருப்பானா?”

“பாத்திருந்தா இதைப் போடுவானா?”

அம்மா விரல் அன்றைய படத்தில் நின்றது. படத்தில் வாய் கொள்ளாத சிரிப்பு.

“இதுல ஏன் சிரிச்சேன் தெரியுமா? மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்னு சொன்னான்.”

சின்னவள் போனைப் பிடுங்கி, விஷயத்தை அப்போதே எல்லாருக்கும் அனுப்பப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“போடாத. அன்னிக்கு அவன் எடுத்த படமெல்லாம் தீரட்டும். புதுசா எடுக்கவாவது அங்க போய்த்தான ஆகணும்? காலிக் கட்டிலப் பாக்கட்டும்.”