அடுத்த ஆடிக்கு மொட்டை

காபி இடது வாயோரம் வழிந்தது. பிரபாவதி துண்டால் ஒற்றிக்கொண்டாள். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது. போன வாரம் திடீரென்று முகத்தின் இடப்பக்கம் செயலிழந்துவிட்டது.

ஸ்கேன் பார்த்த டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, கணவன் குணசேகரனிடம்தான் பேசினார். “வெறும் நரம்பு வீக்கமாம். மூணு மாசத்துல சரியாயிடுமாம்” என்று அவன் வந்து சொன்னான். அவள் நம்பவில்லை. நோய் தலைக்கு ஏறிவிட்டதை மறைக்கிறான். அன்றிலிருந்து ஏன் இவ்வளவு அன்பாகப் பேசுகிறான்?

இன்று சோதித்துப் பார்த்தாள்.

“ஏங்க, பொழச்சி எழுந்தா முடி தரேன்னு முருகனுக்கு வேண்டிகினேனே. நாளைக்கே மலைக்குப் போய் மொட்டை போட்டுடலாமா?”

“இன்னா அவசரம்? இப்பத்தான் ரெண்டு விரக்கடை வளந்துகீது. இத்தக் குடுத்தா சாமியே சிரிக்கும். அடுத்த வருசம் ஆடிக் கிருத்திகைக்குப் பின்னல் போட்டுகினு வந்து குடு.”

“அடுத்த வருசமா?”

“ஆங்.”

பிரபாவதி அவனையே பார்த்தாள். மலையைப் பார்த்துக் கும்பிடாமல் பல்கூடத் துலக்காதவன். அவள் போய்விடுவாள் என்று தெரிந்திருந்தால், வேண்டுதலைத் தீர்க்க நேற்றே மலையேற்றியிருப்பான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“இன்னாடி, பாதிதான் சிரிக்கற?”

“மீதி மூணு மாசம் கழிச்சி.”