மெத்தை விழுங்கிய சத்தம்

ரொட்டிக் கடை வேன் ஓட்டுகிற அந்த மனிதர் முன்னால் போவதில் புலி. பின்னால் எடுக்கும்போதுதான் வினை. பின்பக்கம் முழுக்கப் பெட்டி கட்டிய வண்டி, ஒன்றும் தெரியாது. சரக்கு இறக்கும் மேடையில் இரண்டு முறை இடித்தாயிற்று. "இன்னொரு தடவை இடிச்சா சாவியக் குடுத்துட்டுப் போயிடு" என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அவர் மனைவி செல்போன் பழுது பார்ப்பவள். சேதி கேட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, இரண்டு கண் வைத்த அல்ட்ராசோனிக் சென்சார், பீப் பீப் என்று கத்த ஒரு பஸ்ஸர், இவ்வளவுதான் எடுத்தாள். ஒரு கண் நம் காதுக்கு எட்டாத சத்தத்தை அனுப்பும். அது சுவரில் பட்டுத் திரும்புவதை மற்ற கண் பிடிக்கும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுவது போர்டின் வேலை. சுவர் நெருங்க நெருங்க பஸ்ஸர் அவசரப்படும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் பின் பம்பரில் பொருத்திவிட்டாள். என்ன கெட்டிக்காரி!

ஒத்திகை வீட்டை ஒட்டிய சந்தில். மனிதருக்கு நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, படுக்கிற பஞ்சு மெத்தையைத் தூக்கிவந்து சுவரில் சாத்திவைத்தார். வேன் மெல்லப் பின்னால் வந்தது. பஸ்ஸர் மூச்சு விடவில்லை. வண்டி பொத்தென்று மெத்தையில் முட்டியது.

"நல்லாருக்கு உன் மிஷின்! சுவரே தெரியல அதுக்கு."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அடுக்களையிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து சென்சார் முன்னால் நீட்டினாள். கத்தியது. தலையணையை நீட்டினாள். கப்சிப். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்க, பஞ்சு சத்தத்த முழுங்கிடுது. சத்தம் திரும்பி வந்தாத்தானே அதுக்குத் தெரியும்? மெத்தைய எடுங்க."

"எடுத்துட்டு இடிச்சா? பொழப்பே போயிடும்."

"இடிக்காது."

அந்த ஒரு சொல்லில் துளி நடுக்கமில்லை. செத்துப்போச்சு என்று எல்லாரும் கைவிட்ட போன்களை இந்தக் கைதானே பேச வைக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவரே மெத்தையைத் தூக்கி வீட்டுக்குள் போட்டார். வெறும் சுவரைப் பார்த்து வேன் பின்வாங்கியது. பஸ்ஸர் விட்டு விட்டுக் கூவி, பிறகு விடாமல் பதறியது. பிரேக். இறங்கிப் பார்த்தால் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

மறுநாள் மேடையோரம் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஸ்ஸர் பதறியது. வண்டி அதே ஒரு சாண் தள்ளி நின்றது.

"என்னய்யா, வண்டிக்குள்ள யாரு கத்துறது?"

"என் பொண்டாட்டிங்க" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "நில்லுன்னு சொன்னா. நின்னுட்டேன்."