மோகனப்ரியா ஓட்டிப் பார்த்த உதாரணம்

எதிர் வீட்டு மோகனப்ரியா என்ன வேலை செய்கிறாள் என்று கண்டுபிடிக்க எனக்கே ரொம்ப நாள் ஆனது. சர்வர்களை வாடகைக்கு விடும் ஒரு கிளவுட் கம்பெனியின் கையேட்டில் உதாரணமாகக் கொடுத்திருக்கும் புரோகிராம் சில சமயம் ஓடாதாம். இவள் ஓட்டிப் பார்த்துத் திருத்துவாளாம். சமையல் குறிப்பில் உப்பு விட்டுப்போனதைச் சொல்லவா சம்பளம் என்று கேட்டேன். சிரித்தாள்.

நேற்று மத்தியானம் "அக்கா!" என்று அலறினாள். பல்லிதான் என்று துடைப்பத்தோடு ஓடினேன். லேப்டாப் முன்னால் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"சர்வரை எல்லாம் அழிக்கிற உதாரணம்கா. சரிபண்ணி ஓட்டினேன். ஓடிடுச்சு."

"ஓடினா நல்லதுதானே?"

"என் டெஸ்ட் அக்கவுன்ட்ல ஓடலக்கா. காலைல அவரு இதுல ஃபேக்டரி லாகின் போட்டு அப்படியே வுட்டுட்டுப் போயிட்டாரு. அதுல ஓடிடுச்சு."

திரையில் லைன் ஒன்று, லைன் இரண்டு, பெயின்ட் ஷாப் என்று ஃபேக்டரி சர்வர்களின் பெயர்கள். எல்லாம் அரை மணியில் அழிந்துவிடுமாம். நிறுத்த வேண்டுமானால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வேண்டுமாம். அவள் புருஷன் பிரசாந்தின் போனோ ஒரகடம் ஃபேக்டரி கேட் லாக்கரில். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள்.

எனக்கு ஆள் இல்லாத கேட் ஏது? அந்த ஃபேக்டரி செக்யூரிட்டி பொன்னுரங்கத்துக்குப் போன் அடித்தேன்.

"அண்ணே, பிரசாந்தைக் கேட்டுக்கு இஸ்துகினு வா!"

"இன்னாமா, வூட்ல யாருக்காவது எதுனாவா?"

"அவன் வேலைக்கே எதுனா ஆயிடும். ஓடு!"

மூச்சிரைக்கப் போனுக்கு வந்தவனிடம் மோகனப்ரியா திக்கித் திக்கிச் சொன்னாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"சூப்பர்வைசர்கிட்ட போனா, எப்படி ஆச்சுன்னு கேப்பாரு பிரியா. வூட்டு லேப்டாப்ல லாகின் போட்டேன்னு சொல்லணும், வேலையே போயிடும்."

"தானா அழிஞ்சா யாருன்னு தெரியுமா தம்பி?" சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

மோகனப்ரியா என்னை முறைத்தாள். "சர்வர் நடுவுல போச்சுன்னா மிஷின் இன்னா பண்ணும்னு தெரியாது, லைன்ல அதுங்ககிட்ட ஆளுங்க நிக்கிறாங்கக்கா." என்றவள், போனில் அவனிடம், "சொல்லிடுங்க நீங்க."

போன் கட்டானது. மோகனப்ரியா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒவ்வொரு பெயராக 'அழிப்பு ரத்து' என்று மாறியது. கடைசிப் பெயர் மாறிய பிறகும் விடவில்லை.

அப்புறம் அந்த உதாரணத்தின் தலையில் ஒரு வரி சேர்த்தாள்: யார் அக்கவுன்ட்டில் இருக்கிறீர்கள் என்று காட்டி, அழிக்கலாமா என்று கேட்கும் வரி.

"இதுக்கு இப்ப இன்னாடி அவசரம்?"

"இதைப் பாத்து வேற யாராவது ஓட்டுவாங்கக்கா."

சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது. வழக்கம்போல வாசலில்தான் இருந்தேன். பிரசாந்த் கடைசியாக இறங்கினான். மோகனப்ரியா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள். எப்போதும் அங்கே தொங்கும் ஃபேக்டரி ஐடி கார்டு இல்லை.