கடைசிக் கைப்பிடி

ஐஸ் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கிய ஆள் வாசல் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நின்றார். கதவு அசையவில்லை.

"இழுக்கணும்ணே," என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "தள்ளுன்னுதான் எழுதியிருக்கும். இழுக்கணும்."

அது ஒரு சினிமா தியேட்டரின் கதவு. அந்தத் தியேட்டரை இடித்தது அப்பாதான். இங்கே கொண்டுவந்து மாட்டும்போது உள்பக்கம் வெளிப்பக்கமாகிவிட்டது. எழுத்தைச் சுரண்டி எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பதினோரு வருஷமாக இந்த வீட்டுக்கு வந்த எல்லோரும் ஒருமுறை தள்ளித் தோற்றுவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். கூடத்தில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துச் சிரிப்பது அப்பாவுக்குப் பெரிய பொழுதுபோக்கு. இன்று அதே கூடத்தில், கழுத்துவரை போர்வை போர்த்திக் கிடந்தார்.

பெட்டிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்களை ஒரு சுற்று பார்த்தார்.

"பிளக் பாயிண்ட் எங்கம்மா?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணனுக்கு மின்சாரத் துறையில் வேலை. ஊருக்கெல்லாம் கம்பி இழுக்கிறவன் அப்பன் வீட்டுக்கு ஒரு முழம் இழுக்க முடியவில்லை என்று அலுவலகத்தில் அவனை ஓட்டாத ஆள் கிடையாது. அவனும் வருஷம் தவறாமல் மின் இணைப்பு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வருவான். அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு, "நல்ல தாள்" என்று சொல்லி, பின்பக்கத்தில் அடுத்த அறைக்கான படம் போடுவார்.

பழைய கட்டடங்களை இடிப்பது அப்பாவின் தொழில். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். சமையலறை ஜன்னல் ஒரு ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டர். குளியலறைக் கதவு ஒரு வங்கியிலிருந்து வந்தது. அதில் 'மேலாளர்' என்ற பலகை இன்னும் இருந்தது. "மேலாளர் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் இந்த வீட்டில் யாரும் அந்தக் கதவைத் தட்டுவார்கள். கூரையில் இருந்த சூரியத் தகடுகள் மூடிப்போன ஒரு ஓட்டலில் கிடைத்தவை. பேட்டரிகள் செல்போன் கோபுரத்திலிருந்து கழித்துப்போட்டவை. கல்யாணம் முறிந்து அவள் வீடு திரும்பியபோது இங்கே நாலு சுவர்தான் நின்றது. மீதி எல்லாவற்றுக்கும் அப்பா ஒரு முனையைப் பிடித்தார், அவள் மறுமுனையைப் பிடித்தாள்.

"கரண்ட் மட்டும் இருந்திருந்தா எங்கண்ணன் இப்படிப் போயிருப்பாரா?" அத்தை மூக்கைச் சிந்தினாள். அப்பாவின் ஒரே தங்கை. காலையிலிருந்து இதோடு ஐந்தாவது முறை. "மூச்சு விட மெஷினை வாங்கி வச்சுட்டு, அதுக்குக் கரண்ட் இல்லேன்னா என்ன செய்யும்? பிடிவாதம். பிடிவாதம்தான் கொண்டு போயிடுச்சு."

அம்மா அப்பாவின் தலைமாட்டில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டதால் அவளால் பிடிமானம் இல்லாமல் எழுந்து நடக்க முடியாது.

"பேட்டரில எவ்வளவு இருக்குன்னு பாப்போம் வா," என்றான் அண்ணன். அவனுடைய மகள் வெளியூரிலிருந்து வந்து சேரச் சாயங்காலமாகும். அதுவரை பெட்டி ஓடியாக வேண்டும்.

பேட்டரி அறை வீட்டுக்குப் பின்னால், கடை ஷட்டர்களை வெட்டிக் கட்டியது. மூன்று நாளாக மழை. இருவரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். சுவரில் வரிசையாகக் கைப்பிடிகள். தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ், கூடத்து விளக்குகள், கடைசியில் அப்பாவின் மெஷின். கனமான சாமான் எதுவானாலும் இங்கே வந்து கைப்பிடியை மேலே தள்ளினால்தான் வேலை செய்யும். கைப்பிடிகளுக்கு மேலே பேட்டரி அளவைக் காட்டும் ஒரு முள். முள்ளுக்குக் கீழே சிவப்புக் கோடு.

அண்ணன் தன் மீட்டரை எடுத்து ஒவ்வொரு பேட்டரியாக வைத்துப் பார்த்தான். முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது.

"தாராளமா இருக்கே. பொழுது சாயற வரைக்கும் பெட்டி ஓடும்."

"இருக்காது," என்றாள் அவள். "காலையில சிவப்புக்குக் கீழ நின்னுச்சு. நான் பாத்தேன்."

"அப்ப மோட்டார் ஓடிட்டிருந்துச்சா?"

"ஆமா. தொட்டி நிரப்பப் போட்டிருந்தேன்."

"மோட்டார் ஓடினா முள் இறங்கித்தான் காட்டும். நிறுத்தினா தானா ஏறிடும். சார்ஜ் இல்லேன்னு அர்த்தமில்ல. அப்பா சொன்னதில்லையா?"

சொல்லியிருக்கிறார். எப்போதோ ஒருமுறை. ஆனால் தினமும் சொன்னது வேறு: முள் சிவப்பில் நின்றால் எதையும் கூட்டாதே, முதலில் குறை. ஒருமுறை அவள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட, வீடு மொத்தமும் அணைந்து போய், அதைச் சரிசெய்ய அப்பாவுக்கு அரை நாள் பிடித்தது. அவர் திட்டவில்லை. "வீட்டோட மூச்சப் பாத்துக்கம்மா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து முள்ளைப் பார்க்காமல் அவள் கை எந்தக் கைப்பிடிக்கும் போனதில்லை.

அண்ணன் மீட்டர் கம்பிகளைச் சுற்றிக்கொண்டே கேட்டான். "அப்பாவுக்கு மூச்சு முட்டுதுன்னு அம்மா கூப்பிட்டதும் இங்கதான் ஓடி வந்தியா?"

"ம்."

"வந்து?"

"மோட்டாரை நிறுத்தினேன். ஃபிரிட்ஜ நிறுத்தினேன். விளக்கையெல்லாம் நிறுத்தினேன்." அவள் குரல் ஒப்பிப்பது போல வந்தது. "முள் ஏறட்டும்னு நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"சிவப்பைத் தாண்டுற வரைக்கும்."

"மெஷின் கைப்பிடிய எப்பப் போட்ட?"

"கடைசியா."

மழை ஷட்டர் தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிஷமா, மூன்றா, நான்கா என்று அவளுக்குத் தெரியாது. முள் ஏறுவதைப் பார்த்து அவள் நிம்மதிகூட அடைந்தாள். அதுதான் இப்போது அவளால் தாங்க முடியாததாக இருந்தது. உள்ளே திரும்பிப் போனபோது மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் காற்று சீராக வந்துகொண்டிருந்தது. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அண்ணன் குனிந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு பேட்டரி முனையைத் துண்டால் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான்.

"நுரையீரல் முழுக்கச் சிமெண்ட் தூசி. ஒரு மாசம் தாங்கினாப் பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டுத்தானே இருந்தாரு," என்றான்.

"ஒரு மாசம் இருந்ததுல்ல அண்ணா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அம்மாகிட்டச் சொல்லிடறேன்," என்றாள்.

"என்னன்னு சொல்லுவ? வா. அந்த ஆள் காத்திட்டிருக்கார்."

பெட்டி ஓட ஆரம்பித்தது. அப்பாவை அதற்குள் கிடத்திக் கண்ணாடியை மூடினார்கள். "எப்படியோ ஓடுதே!" என்று பெட்டிக்காரர் வியந்துவிட்டு, போகும்போது கதவை இழுத்துப் பார்த்து, பிறகு தள்ளிக்கொண்டு போனார்.

அத்தைக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "செத்த பொறவு பெட்டி ஓடுது. உயிரோட இருக்கறப்ப மெஷின் ஓடல. கரண்ட் மட்டும் இருந்திருந்தா…"

"கரண்டெல்லாம் இருந்துச்சு அத்தை," என்றான் அண்ணன்.

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு வருஷமாக அப்பாவிடம் தோற்றுக்கொண்டே வந்தவன். இந்த ஒரு நாள் அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், அவன் ஜெயித்திருப்பான்.

"நான் இப்பத்தான் பேட்டரியப் பாத்துட்டு வரேன். மெஷின் நல்லாத்தான் ஓடியிருக்கு. இந்த வீட்டால ஒண்ணும் ஆகல. அவருக்கு நேரம் வந்துருச்சு, அவ்வளவுதான்."

"நீ அங்க இருந்தியா?" அத்தை விடுவதாக இல்லை. அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. மெஷின் ஓடிச்சா?"

கூடத்தில் இருந்த எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவளுக்கு அம்மாவே சொல்லிவிடட்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடுவாளோ என்றும் இருந்தது.

"ஓடிச்சு," என்றாள் அம்மா.

பிறகு, யாரும் கேட்காமலேயே, "கூப்பிட்டதும் ஓடிப் போய்ப் போட்டுட்டா," என்றாள்.

அத்தை பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

அம்மா மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். முதலில் "மெஷினைப் போடுடி" என்றாள். இரண்டாவது முறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்றாவது முறை, "யாராவது வாங்களேன்" என்றாள். வீட்டில் அவர்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே அது அவள் காதில் தெளிவாக விழுந்தது. அப்போதும் முள் சிவப்பைத் தாண்டியிருக்கவில்லை.

அவள் போய் பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் காற்றில் பெட்டியின் கண்ணாடிமேல் பனி படிந்து அப்பாவின் முகம் மங்கிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் துடைத்தாள். முகம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது. அம்மா மறுபடி துடைத்தாள்.

மூன்றாவது முறை மங்கியபோது, துடைக்க அவளும் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், அதை மெதுவாக அவள் மடியிலேயே திருப்பி வைத்தாள். பிறகு தானே துடைத்தாள்.