மல்லிச் செடிக்கு ஹீட்டர்

சென்னையில் மண்ணைச் சூடு பண்ண ஒயர் வாங்கிய மனிதரைத் தேடிப் பிடித்து எனக்குத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். மே மாதம் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் கால் வைத்தால் கொப்புளிக்கும் எங்கள் பெருங்களத்தூரில். இங்கே என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கன் தோட்டத்து மண்ணுக்கு ஹீட்டர் போட்டார். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வருவதில்லை.

விஷயம் எங்கள் பெண் ஸ்ரீவித்யாவைப் பற்றியது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த ஜெபகுமாரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். பையன் பக்கத்து பீர்க்கன்கரணைதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், தங்கமான பிள்ளை. இதெல்லாம் இவர் காதில் ஏறினால்தானே! பேங்கில் இருந்த காலம் முழுக்க ஒருத்தரிடமும் குரலை உயர்த்தாத மனுஷர், அன்றைக்கு வாசல் வரை வந்து, அக்கம் பக்கம் கேட்கும்படி, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். அவளும் இவர் பெற்ற பெண்தானே, ரோஷத்துக்குக் குறைச்சலா? மிதிக்கவில்லை.

மேடவாக்கத்தில் ஃப்ளாட் எடுத்துக்கொண்டு இருந்தாள். நான் வாரா வாரம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இவர் எங்கே போகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. திரும்பி வந்ததும், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நன்னா இருக்காளா?" என்று மட்டும் கேட்பார். நன்றாக இருக்கிறாளா என்று நேரில் போய்ப் பார்க்கிறதுதானே! கேட்டால் எழுந்து போய்விடுவார்.

போன ஆவணியில் ஸ்ரீவித்யா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. அதே சமயம் மாப்பிள்ளைக்கு ஜெர்மனிக்கு மாற்றலாகிவிட்டது. அவர் முன்னால் போய் வீடு பார்த்துவிட்டார். இவளும் பொங்கலுக்குள் கிளம்பிவிட வேண்டும். அதற்கு மேல் வயிறு பெரிதாகிவிட்டால் ஃப்ளைட்டில் ஏற்ற யோசிப்பார்களாம். பிரசவம் அங்கேதான். அப்புறம் எப்போது வருவாளோ, யாருக்குத் தெரியும்?

"அம்மா, அப்பா ஒரே ஒரு வார்த்தை வான்னு சொல்லட்டும்மா. அடுத்த பஸ்லயே வந்துடறேன்" என்றாள் என்னிடம். "அவர் மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். பழசு எதையும் நானும் பேச மாட்டேன்."

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஆனால் மறுநாள் காலையில் தோட்டத்திலிருந்து வந்தவர், "காமு, பூச்சூட்டலை நம்மாத்துலயே பண்ணிடலாம்" என்றார். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்ணுக்குத் தலை நிறையப் பூ வைத்துப் பார்க்கிற சடங்கு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இதோ போன். இப்பவே கூப்பிடுங்கோ."

"இரு இரு. மொதல்ல செடி பூக்கட்டும். 'நம்மாத்து மல்லி பூத்திருக்கு, வந்து வெச்சுண்டு போ'ன்னு சொல்றேன். பள்ளிக்கூடம் போறச்சே தினம் அந்தச் செடிப் பூதானே வெச்சுண்டு போவா?"

பாருங்கள் சாமர்த்தியத்தை! 'நான் அன்றைக்குச் சொன்னது தப்பும்மா, நீ வா' என்று சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்லாமலே பெண்ணை வரவழைக்க ஒரு சாக்கு வேண்டும். அதற்கு ஒரு செடியைப் பிடித்தார். அந்தச் செடியும் எப்போது பூக்க வேண்டும்? மார்கழியில்! மார்கழிப் பனியில் மல்லி சுருண்டு படுத்துக்கொள்ளும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? எங்கள் பூக்காரி அந்த மாதம் முழுக்க டிசம்பர் பூவையும் கனகாம்பரத்தையும்தான் கொண்டு வருவாள். அதைச் சொன்னேன்.

"அதுக்கு வழி இருக்கு" என்றார். முகத்தில் ஒரு பெருமை.

வழி டொரன்டோவிலிருந்து வந்தது. எங்கள் பிள்ளை ஸ்ரீவத்சன் அங்கே இருக்கிறான். முந்தின வருஷம் நாங்கள் போயிருந்தபோது, வேலியோரம் பனிக்கட்டி கிடக்கிற நாளிலேயே மாட்டுப்பெண் தக்காளி நட்டாள். பாத்திக்கு அடியில் கரண்ட் ஒயர் புதைத்து மண்ணைக் கதகதப்பாக வைத்திருந்தாள். தெருவிலேயே முதலில் காய்த்தது அவள் தக்காளிதான். நான் பழத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இவர் ஒயரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பிள்ளையிடம் சொல்லி, ஊருக்கு வந்த அவன் சிநேகிதன் மூலமாக ஒரு சுருள் தருவித்துவிட்டார்.

எலெக்ட்ரீஷியன் குப்புராஜ் வந்தான். சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா சார் இது? மண்ணுக்கு ஹீட்டரா? மெட்ராஸ்லயா? மாமி, சாருக்கு உடம்பு கிடம்பு நல்லாத்தானே கீது?"

"அதைத்தான் நானும் கேட்டுண்டிருக்கேன்" என்றேன்.

இவர் சட்டை பண்ணவில்லை. செடியைக் கவாத்து பண்ணி, இலையை உருவி, மொட்டையாக நிறுத்தினார். தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, ஒயரை வளைத்து வளைத்துப் புதைத்தார்கள். அந்த ஊர்க் கரண்ட் வேறாம், அதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. சூடு போதும் என்றால் தானே அணைந்துகொள்ள இன்னொரு டப்பா. மூட்டுவலிக்காரிக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி ஒரு மல்லிச் செடிக்கு இத்தனை உபசாரம். பக்கத்து வீட்டார் மதில் மேலாக எட்டிப் பார்த்தார்கள். மானம் போயிற்று போங்கள்.

"வித்யா கிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதே. பூத்தப்புறம் நானே சொல்லிக்கறேன்" என்றார். நானும் மண்டையை ஆட்டித் தொலைத்தேன்.

கார்த்திகை மழையில் அடிக்கடி கரண்ட் போகும். போனால் இவருக்கு இருப்புக்கொள்ளாது. குடையைப் பிடித்துக்கொண்டு போய் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார். தெர்மாமீட்டர் ஒன்று வேறு செருகி வைத்திருந்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இதில் பாதி அக்கறை பட்டதில்லை. சாயங்காலமானால் செடிக்குப் போர்வை. விடிந்ததும் போர்வையை எடுத்துவிட்டு ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்ப்பது. காப்பி ஆறிப்போகும்.

அந்தப் பக்கம் இவள். நான் போகும்போதெல்லாம் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "அப்பா ஏதாவது சொன்னாராம்மா?"

"சொல்வார், சொல்வார். கொஞ்சம் பொறு."

"சரி" என்பாள். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். முகம் சுண்டிப்போகிறது எனக்குத் தெரியாதா? நாக்கு நுனி வரை வரும். அசட்டு வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று விழுங்கிக்கொள்வேன்.

துளிர் வந்தது. மார்கழி பாதியில் ஒரு நாள் காலை, "காமு! காமு!" என்று தோட்டத்திலிருந்து கத்தல். என்னவோ ஏதோ என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கிளை நுனியில் கடுகு கடுகாக மொட்டு. நிஜமாகவே மொட்டு! சத்தியமாக நான் எதிர்பார்க்கவில்லை. மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் கேலி பண்ணினேனே என்று அவர் மேல் பிரியமாகக்கூட இருந்தது.

"போதும்னா. மொட்டு விட்டுடுத்துன்னு சொல்லிக் கூப்பிட்டுடுங்கோ. இங்கே வந்து இருக்கட்டும். அவ கண்ணெதிர்லயே பூக்கட்டுமே!"

"சீ, மொட்டைக் காட்டியா கூப்பிடறது? பூக்கட்டும் காமு. கை நிறைய எடுத்து வெச்சுண்டு கூப்பிடறேன்."

நான் அழாத குறையாகச் சொன்னேன். டிக்கெட் போட்டாயிற்று, போகிக்கு முந்தின நாள் காலை கிளம்புகிறாள், நாள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று. அது மட்டும் அவர் காதில் நன்றாக விழுந்தது. அன்றைக்கே குப்புராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்தத் தானா அணையற டப்பா வேண்டாம்ப்பா. அதை எடுத்துட்டு நேரா கனெக்‌ஷன் குடுத்துடு. வேகமாப் பூக்கணும்."

"டைரக்டா குடுத்தா நிக்காம ஓடிகினே இருக்குமே சார்?"

"ஓடட்டும். கொஞ்ச நாள்தானே."

அவன் தலையைச் சொறிந்தான். சாருக்குத் தெரியாததா என்று கொடுத்துவிட்டுப் போனான்.

இரண்டாம் நாள் கோலம் போட வாசல் பக்கம் போனேன். தோட்டத்திலிருந்து கிழங்கு வேகிற மாதிரி ஒரு வாசனை. போர்வையை விலக்கிப் பார்த்தால், துளிரெல்லாம் துவண்டு தொங்குகிறது. மொட்டுகள் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தன. மண்ணில் கை வைக்க முடியவில்லை. சுவிட்சை ஓடிப்போய் அணைத்தேன். அணைத்து என்ன? வேர் வெந்துபோயிற்று.

அவர் வந்து பார்த்தார். தூரின் பக்கத்தில் குந்திக்கொண்டார். உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே என்னன்னு சொல்லி அவளைக் கூப்பிடறது?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ! "பெத்த பொண்ணைக் கூப்பிட ஒரு செடி சிபாரிசு பண்ணணுமா உங்களுக்கு? வான்னு சொல்ல வாய் வலிக்கறதா? அவ பூவா கேட்டா? உங்களைத்தானே கேட்டா!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்கும் அவளே பலியா?

கடைசி வாரம் பெட்டி அடுக்க மேடவாக்கம் போனேன். கதவைத் திறந்தவள், "வாம்மா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டே, "அப்பா பிரஷர் மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கறாரா?" என்றாள். அவ்வளவுதான். போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு என் வாக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். ஒயர், செடி, மொட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "அசட்டு அப்பா" என்றாள். சிரிக்கவும் சிரித்தாள். ஆனால் அவள் போனை எடுக்கவில்லை. அவர்தானே கூப்பிட வேண்டும்? அதில் அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

கிளம்புகிற அன்று காலை நான் மட்டும் ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்டேன். கேட்டைத் திறக்கிறேன், பின்னால் செருப்புச் சத்தம். இஸ்திரி போடாத சட்டையோடு இவர். "நானும் வரேன்" என்றார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. ரயிலைப் பிடித்துத் திரிசூலத்தில் இறங்கிப் போனோம். வழியெல்லாம் அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, டிராலியைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீவித்யா நின்றிருந்தாள். தலையில் ஒரு முழம் கனகாம்பரம், அவள் மாமியார் வைத்துவிட்டது. சம்பந்தி சாலமன்தான் முதலில் பார்த்தார். "வாங்க சார், வாங்க" என்று ஓடி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். தன்னை ஒரு நாளும் மதிக்காத மனிதருக்கு இவ்வளவு மரியாதை. பிறகு நாசூக்காகத் தன் மனைவியை அழைத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

"அப்பா" என்றாள் அவள்.

இவர் அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ! "ஆத்துக்கு வாடீ கொழந்தே" என்றார்.

"இப்பவாப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. பஸ்ஸைத் தவறவிட்டவரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்பவே கூப்பிட்டிருந்தா இத்தனை மாசமும் உங்களோடதான் இருந்திருப்பேன். அவர் போனதுலேருந்து அந்த ஃப்ளாட்ல நான் தனியாத்தானேப்பா இருந்தேன். ராத்திரி கொழந்தை உதைக்கும். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கும்."

இவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் நின்ற காவல்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். பின்னால் வரிசை நின்றது. அவள் குனிய முடியாமல் குனிந்து இவர் காலைத் தொட்டாள். "உடம்பைப் பாத்துக்கோங்கோ" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் ரயிலில் மூட்டையும் கரும்புமாகக் கூட்டம். எப்படியோ இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. வாய் நிறையத் திட்டு வைத்துக்கொண்டிருந்தேன். குரோம்பேட்டை தாண்டியதும், "காமு, அவ வயிறு அவ்வளவு பெருசாயிடுத்தா?" என்றார்.

"பின்னே? எட்டாம் மாசம் பொறக்கப் போறது."

"எனக்குத் தெரியவே இல்லையே. நான் இன்னும் நாள் இருக்கு, நாள் இருக்குன்னு…"

முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதார். எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். திட்டு ஒன்றும் என் வாயிலிருந்து வரவில்லை. பெருங்களத்தூர் வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தேன்.